பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள்

கொல்லிமலை வளப்பூர் நாடு, பெரியகோவிலூரில் ஊர் மக்களும் ஆசிரியர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்.



நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ இறங்கிப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் ஊரில் எல்லோரும் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள்: "யாரைப் பார்த்தீங்க, ஸ்பெஷலிஸ்டா?" பதில் சொல்ல அவருக்கு இருக்கிற ஒரே ஆதாரம் ஆஸ்பத்திரி வாசலில் தொங்கிய பலகை. அதில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. சில பலகைகளில் பெயரைவிட எழுத்துகள் நீளம். அவற்றைக் கொடுத்தவர் யார், எதைச் சோதித்துக் கொடுத்தார், கொடுத்ததைத் திரும்ப வாங்க அவரால் முடியுமா? இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். நானும் பெயருக்குப் பின்னால் எம்.டி. போட்டுக்கொள்கிறவன். அதனால் கொஞ்சம் வீட்டுக் கதையும் வெளியே வரும்.

வைத்தியருக்குச் சான்றிதழ் தேவைப்படாத காலம் இந்த மலையில் மிக நீண்டது. எலும்பு முறிந்தால் எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போக வேண்டும், பூச்சி கடித்தால் யாரிடம் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். போட்ட கட்டு கூடியதா, கோணிக்கொண்டதா என்பதைக் கட்டுப் போட்டுக்கொண்டவரின் நடை சந்தையில் எல்லோருக்கும் காட்டிவிடும். கை சரியில்லாத வைத்தியரின் வாசலுக்கு ஆள் வருவது தானாக நின்றுபோகும். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்கிற பதிவேடு ஊர் வாயிலேயே இருந்தது. அது குறையற்றது என்று சொல்லமாட்டேன். பேச்சு சாமர்த்தியத்தால் பல ஆண்டு ஓட்டியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பெயரை அடித்துவிடும் சக்தி அந்தப் பதிவேட்டுக்கு இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முன்பின் தெரியாதவர்கள் வந்ததும் அந்த ஏற்பாடு நிலைகுலைகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற சுற்றுலாப் பயணிக்கு யார் கை நல்ல கை என்று எப்படித் தெரியும்? அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர், ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறி முழங்கால் வலியோடு நிற்கும்போது, முடவாட்டுக்கால் கிழங்குச் சூப் ஒரு டம்ளர் குடிக்கிறார். குடித்த சூட்டில் வலி குறைந்தது போல இருக்கிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. பக்கத்தில் ஒருவர் நாடி பார்த்து, சித்தர் வழிவந்த மருந்து என்று ஒரு பொட்டலத்தையும் தருகிறார். வாங்கியவர் மறுநாள் காலை ஈரோட்டில் இருப்பார், விற்றவர் இங்கே இருப்பார். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊர் வாய்க்கு அந்தச் செய்தி வந்து சேரவே போவதில்லை. இதே கதை தலைகீழாக நமக்கும் நடக்கிறது. நாம் சேலத்தில் முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் உட்காரும்போது, அவர் கைப்பட்டவர்கள் யார், எப்படி இருக்கிறார்கள் என்று நமக்கு ஒன்றும் தெரியாது.

இப்படி முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நிற்பதற்காக வந்ததுதான் மருத்துவர் பதிவேடு. இங்கிலாந்து 1858-ல் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. தகுதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று சிகிச்சை தேடி வருகிறவர் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம் தன் முதல் வரியிலேயே சொல்லிக்கொண்ட நோக்கம். அது நோயாளிக்காக உண்டான ஏற்பாடு. பிறகு வந்த பல மருத்துவ மன்றங்கள் அந்த வரியை மறந்துவிட்டு, டாக்டர்களின் சங்கம் போல நடந்துகொண்டதைத்தான் வரலாறு நெடுகப் பார்க்கிறோம்.

நம் மாகாணத்துக்கு அது 1914-ல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமாக வந்தது. அப்போது சென்னையில் மருத்துவக் கல்வி தொடங்கி கிட்டத்தட்ட 80 ஆண்டு ஆகியிருந்தது. மருத்துவப் பள்ளி தொடங்கியது 1835-ல். பதிவேடு திறந்தவுடன் மேற்கத்திய மருத்துவம் படித்தவர்கள் உள்ளே, சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள் வெளியே. பம்பாயில் இதைவிட முன்பே, 1912-ல், சட்டம் வந்துவிட்டது. அங்கே நடந்த ஒரு சம்பவம் சுவையானது, கசப்பானதும்கூட. பொபட் பிரபுராம் என்ற டாக்டர் முறையாக மேற்கத்திய மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர். தன் தகப்பனார் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரியோடு தொடர்பு வைத்திருந்தார் என்பதற்காக அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். அவர் யாருக்கும் தவறான மருந்து கொடுத்ததாகப் புகார் இல்லை. பெயரை அடிக்கும் அதிகாரம் தொடக்கத்திலேயே யார் மேல், எதற்காகப் பாய்ந்தது என்று பாருங்கள்.

சென்னையில் இதற்கு எதிர்க்குரல் எழுந்து, 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். நாட்டு வைத்தியர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவரவர் மொழியிலேயே பதில் வாங்கினார்கள். 1923-ல் அறிக்கை வந்தது. நாட்டு மருத்துவத்துக்கும் பள்ளி வேண்டும், தேர்வு வேண்டும், பதிவேடு வேண்டும் என்பது அதன் சாரம். 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி இயங்கத் தொடங்கியது, சீனிவாசமூர்த்தியே அதன் தலைவரானார். அங்கே சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் கற்பித்தார்கள், மேற்கத்திய உடற்கூறும் சேர்ந்தே கற்பித்தார்கள். முடிவு என்ன தெரியுமா? அந்த இடம் 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆயிற்று, முழுக்க முழுக்க அலோபதி. சித்த மருத்துவத்துக்குத் தனிக் கல்லூரி 1964-ல் பாளையங்கோட்டையில்தான் வந்தது. தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனம் வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் பதிவு பற்றிய கதை. ஸ்பெஷலிஸ்ட் என்பது அதற்கு மேல் ஒரு படி. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிற எல்லோரிடமும் நம் மலையின் செம்மேட்டுப் பேருந்தைக் கொடுத்து 70 வளைவில் இறக்கச் சொல்லமாட்டோம் அல்லவா? வண்டி ஓட்டத் தெரியும் என்பது ஒன்று, இந்தப் பாதையில் ஓட்டத் தெரியும் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சோதிப்பவர் யார் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

அமெரிக்காவில் இதைத் தொடங்கி வைத்தவர்கள் கண் டாக்டர்கள். அந்தக் காலத்தில் அங்கே மூக்குக் கண்ணாடி விற்பவரும் கண் வைத்தியர், ஏதோ சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்ட பொது டாக்டரும் கண் வைத்தியர். மாநில அரசு கொடுக்கும் பொது உரிமம் இருவரையும் உண்மையான கண் அறுவை மருத்துவரிடமிருந்து பிரித்துக் காட்டவில்லை. அரசை எதிர்பார்க்காமல் கண் மருத்துவர்களே 1916-ல் ஒரு வாரியம் அமைத்து, அந்த டிசம்பரில் மெம்ஃபிஸ் நகரத்தில் முதல் தேர்வை நடத்தினார்கள். தேர்வு எழுத வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தேறியவர் பெயர் பட்டியலில் வரும், அவ்வளவுதான். 1924-ல் காது மூக்கு தொண்டை, 1930-ல் மகப்பேறு, 1932-ல் தோல் என்று வாரியங்கள் வந்தன. 1933-ல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு ஏற்பட்டது. இன்று 24 வாரியங்கள். சட்டப்படி இப்போதும் கட்டாயம் இல்லைதான். ஆனால் பெரிய மருத்துவமனைகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் கேட்பதால் அது இல்லாமல் அங்கே பிழைப்பது கடினம்.

அதைவிட எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. தொடக்கத்தில் வாரியச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். 35 வயதில் தேறினால் 75 வயதிலும் அதே காகிதம் சுவரில் தொங்கும். நடுவில் மருத்துவமே மாறிப்போயிருக்கும். 1969-ல் குடும்ப மருத்துவத்துக்கு வாரியம் தொடங்கியவர்கள்தான் முதலில் துணிந்தார்கள். சான்றிதழ் 7 ஆண்டுக்குத்தான், பிறகு மறுபடி தேர்வு என்றார்கள். பெரிய ஸ்பெஷலிஸ்டுகள் ஏளனமாகப் பார்த்த பொது டாக்டர்கள்தான் தங்களைத் தாங்களே மறுபடி சோதித்துக்கொள்ள முன்வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பொது உள்மருத்துவ வாரியம் 1990-ல்தான் 10 ஆண்டுக் கெடு வைத்தது. அதுவும் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும், முன்பே வாங்கியவர்களின் சான்றிதழ் ஆயுளுக்கும் அப்படியே. சட்டம் செய்கிற பெரியவர்கள் தங்களுக்கு மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது எல்லா நாட்டுக்கும் பொது. 2014-ல் அந்த வாரியம் இன்னும் கடுமையாக்கி, தொடர்ச்சியாகப் பாடமும் கட்டணமும் என்று போனதும் டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து புள்ளி சேர்க்கிறோம், இதில் யாருக்கு லாபம் என்றார்கள். 2015 பிப்ரவரியில் வாரியத்தின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துச் சில விதிகளை நிறுத்தி வைத்தார்.

நம் நாட்டில் அப்படித் தனி வாரியம் கிடையாது, பட்டமே சான்றிதழ். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. அல்லது எம்.எஸ்., அதற்கு மேல் இதயம், சிறுநீரகம், நரம்பு என்று போனால் இன்னும் மூன்றாண்டு டி.எம். அல்லது எம்.சிஎச். கற்பிப்பதும் கல்லூரி, தேர்வு வைப்பதும் அதே பல்கலைக்கழகம். தேர்வு அறையில் நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் வெளியூர், இரண்டு பேர் நம்மை மூன்றாண்டு வேலை வாங்கிய நம் வாத்தியார்கள். வாத்தியார் தன் மாணவனைத் தேறாதவன் என்று சொன்னால் அது தன்னையே சொல்லிக்கொள்வது போல. இந்தச் சங்கடத்துக்கு ஒரு மாற்றாகத்தான் 1975-ல் தேசியத் தேர்வு வாரியம் வந்தது. பயிற்சி அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு மருத்துவமனையில், தேர்வு மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்று. அதில் தேறினால் டி.என்.பி. பலகையில் டி.என்.பி. என்று பார்த்தால் எம்.டி.க்குக் கீழே என்று நினைக்காதீர்கள். வெளியார் வைத்த தேர்வில் தேறியவர் என்ற வகையில் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு, என் சக எம்.டி.க்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. வெளிநாட்டில் படித்து வருகிறவர்களுக்கு 2002 முதல் நடக்கும் தகுதித் தேர்வையும் இதே வாரியம்தான் நடத்துகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். ஸ்பெஷலிஸ்ட் என்ற படி உயர உயர அது மலையிலிருந்து விலகிப் போகிறது. மயக்க மருந்து டாக்டரும் மகப்பேறு டாக்டரும் குழந்தை டாக்டரும் ஒரே இரவில் ஒரே கட்டிடத்தில் இருந்தால்தான் சிசேரியன் செய்ய முடியும். அது பெரும்பாலும் கீழே உள்ள ஊர்களில்தான் நடக்கிறது. 2022-ல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்லதுதான், ஆனால் 70 வளைவும் அப்படியே இருக்கிறது. மத்திய அரசு இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவத்துக்கு மட்டும் அவரை அனுமதிப்பது. மூன்றாண்டு படிக்க வேண்டியதை 18 வாரத்திலா என்று முகம் சுளிக்கலாம். ஆனால் இரத்தம் போய்க்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, கீழே தூங்குகிற மூன்றாண்டுக்காரரைவிட மேலே விழித்திருக்கிற 18 வாரக்காரர் மேல். சான்றிதழின் அளவை வேலையின் அளவுக்கு வெட்டித் தைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட ஓர் இடம் இது.

இன்னொரு பக்கம், மலையில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் சலுகை உண்டு. மத்திய விதியின்படி, தொலைதூர, கடினப் பகுதியில் பணிபுரியும் ஆண்டு ஒன்றுக்கு நுழைவுத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வரை, மொத்தம் 30 விழுக்காடு வரை மாநிலம் கூட்டிக் கொடுக்கலாம். டாக்டர்கள் மலை ஏற இது ஒரு காரணம். அதே காரணத்தால் மூன்று ஆண்டு முடிந்ததும் அவர் இறங்கியும் போகிறார். ஊரைப் பற்றி, இங்கே எந்த மாதத்தில் எந்தக் காய்ச்சல் வரும், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பதைப் பற்றி அவர் கற்றுக்கொண்டதற்கு எந்த வாரியமும் எழுத்து கொடுப்பதில்லை. அந்தப் படிப்பு ஒவ்வொரு முறையும் அழிந்து, அடுத்தவர் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார். அதை மறக்காமல் வைத்திருப்பவர்கள் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர்கள்.

நாட்டு வைத்தியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இங்கே பலர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். பரம்பரையாக வைத்தியம் பார்ப்பவர், பட்டமும் பதிவும் இல்லாமல், அந்தப் பரம்பரையை மட்டும் காட்டி மருத்துவம் செய்யலாமா? கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, முடியாது என்று. தகுதி இல்லாதவரை மக்களின் உயிரோடு விளையாட விட முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. சட்டத்தை நான் மதிக்கிறேன், அந்தக் கவலையும் நியாயம். 1996-ல் இதே நீதிமன்றம், ஹோமியோபதி படித்துவிட்டு அலோபதி மருந்து கொடுத்த ஒருவர் வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவு என்று தீர்த்தது. ஊசி டாக்டர்கள் என்று நாம் சொல்கிறவர்களுக்கெல்லாம் அது பொருந்தும். ஆனால் எலும்புக் கட்டு ஒன்றை மட்டும் அறுபது வயது வரை செய்து வந்த கையையும், மருந்துக் கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டு ஸ்டீராய்டு ஊசி போடுகிற கையையும் ஒரே பெட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

இதற்கு ஒரு நடுவழியை இந்தியத் தரக் கவுன்சில் வைத்திருக்கிறது. பெங்களூரில் மூலிகையிலும் நாட்டு வைத்தியத்திலும் நெடுங்காலம் வேலை செய்துவரும் நிறுவனத்தின் துணையோடு உருவான விருப்பச் சான்றிதழ்த் திட்டம் அது. எலும்புக் கட்டு, விஷக்கடி, மஞ்சள் காமாலை, மூட்டுவலி, பிரசவம் பார்த்தல், சாதாரண நோய்கள் என்று துறை பிரித்திருக்கிறார்கள். தெரிந்த துறையில் மட்டும் சோதனை. எழுத்து வாசனை இல்லாதவரையும் வாய்மொழியாகக் கேட்டு, செய்துகாட்டச் சொல்லிச் சோதிக்கலாம். எது தன்னால் ஆகாது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியை என் எம்.டி. தேர்விலும் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழ் மருத்துவம் செய்வதற்கான உரிமம் ஆகாது. அதைப் பிரேம் போட்டு வாசலில் மாட்டி, டாக்டர் என்று பலகை வைத்தால் வழக்கு வரும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி, பதிவில்லாமல் நவீன மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

ஆரம்பத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன, பெயரை அடிக்கும் சக்தி இப்போது வருகிறது. சேர்க்கும் வாசல் எவ்வளவு கடினம் என்பதில்தான் இந்த நாட்டில் எல்லோருக்கும் அக்கறை. நுழைவுத் தேர்வு, இறுதித் தேர்வு, சட்டத்தில் எழுதி இன்னும் நடைமுறைக்கு வராத பொது வெளியேறும் தேர்வு என்று வாசலில் காவல் மேல் காவல். உள்ளே வந்தவர் பிறகு என்ன செய்கிறார் என்பதற்கு? 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்கின்றன. கருத்தரங்கில் கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்த மணி நேரம் சேர்ந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன். பெயரை நீக்குவதற்கும் விதி இருக்கிறது, புகாரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் மாநில மருத்துவ மன்றம் இருப்பது சென்னையில். வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு பெண் தன் குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்ல அங்கே எத்தனை முறை போய் வர முடியும்? ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடு அது. பெயரை அடிக்காத பதிவேடு வெறும் திருமண அழைப்பிதழ் பட்டியல்தான். மாவட்டத் தலைநகரிலேயே புகாரைக் கேட்கும் அமர்வு வேண்டும், அதில் டாக்டர் அல்லாத ஒருவரும் உட்கார வேண்டும் என்று நான் சொல்லி வருகிறேன். டாக்டர்களைப் பிடிக்காதவன் என்று என்னைச் சிலர் நினைக்கிறார்கள். தவறு செய்யாத டாக்டருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு கிடையாது. புகாருக்கு முறையான வழி இல்லாத ஊரில்தான் ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைகிறது.

அந்த அமர்வு வரும்வரை உங்கள் கையில் இருப்பது ஒரு சீட்டு. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டிலும், கொடுக்கும் சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தைத்தான் பெயருக்குப் பின்னால் போடலாம், தனிப் படிப்பு இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளே, இது உங்கள் வேலை. பாட்டியின் சீட்டை வாங்கி, போனில் அந்த எண்ணைத் தேடி, பெயரும் பட்டமும் பலகையோடு ஒத்துப்போகிறதா என்று வாசித்துக் காட்டுங்கள். சித்த மருத்துவருக்குப் பதிவேடு வேறு, அவருக்கும் எண் உண்டு, அதையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்களோ என்று பயப்பட வேண்டாம். படித்துத் தேறி வாங்கிய எண்ணைச் சொல்ல யாருக்கும் கூச்சம் வராது. எண் இல்லாத சீட்டு கையில் வந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால், எழுதியவரிடமே திரும்பப் போய் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் புகார் எழுத நேர்ந்தால் அந்த எண் உதவும்.